மேசை விரிப்பு

பழைய சீன நகைச்சுவைப் படம் ஒன்றைத் திரையிட அனுமதி கேட்டு, பிலோமினா அந்த அலுவலகப் படியேறுவது இது ஐந்தாவது தடவை. திரைப்படச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்க ஒப்புக்கொண்ட நேரத்தைத் திட்டிக்கொண்டே ஏறினாள்.

போன வாரம் அதிகாரி தணிகாசலம் தன் வெற்று இரும்பு மேசைமேல் மடிக்கணினியை வைத்துப் படம் பார்த்தார். படத்தில், இறக்கை வைத்த தொப்பி போட்ட மாஜிஸ்திரேட் ஒருவர், வழக்கோடு வருகிறவர்கள் கொடுக்கும் வாத்துகளை வாங்கி, தரைவரை தொங்கும் மேசை விரிப்புக்குள் தள்ளிவிடுவார். தீர்ப்பு வாசிக்கும்போது வாத்து கத்தினால் பலமாக இருமுவார்.

"அந்த எடத்த இன்னொரு தரம் போடும்மா," என்றார் தணிகாசலம்.

நான்கு தரம் போட்டாள். மனிதர் ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.

"சார், எழுபது வருஷத்துக்கு முந்தின படம். அதுவும் சீனாவுல நடக்குற கதை. இதுல யாரு மனசு புண்படப்போவுது?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

இன்று கடிதம் தயாராக இருந்தது. வாத்து வரும் காட்சிகளை மட்டும் நீக்கிவிட வேண்டுமாம்.

"அத எடுத்துட்டா அப்புறம் படம்னு என்ன சார் இருக்கு?"

"ஜனங்க பாத்துக் கத்துக்குவாங்கம்மா," என்றபடி அவர் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

அப்போதுதான் பிலோமினா கவனித்தாள். இரும்பு மேசைக்குப் புதிதாக ஒரு பச்சை விரிப்பு போட்டிருந்தது. அதன் ஓரம் தரையில் புரண்டுகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் லேசாக அசைந்தது.

தணிகாசலம் பலமாக இருமினார்.