நாற்பதாம் நாள் குழம்பு

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுச் சமையலறையில் குணவதி சமையல்காரி. குடியிருப்பவர்களின் மணிக்கட்டில் இருக்கும் கைப்பட்டைக் கருவிகள் அவ்வப்போது அனுப்பும் மன அமைதி மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அவள் உலை வைக்க வேண்டும். பூண்டு, புளி, மிளகாய் மூன்றும் மனத்தைக் கிளறிவிடும் என்று அங்கே தடை.

ஏழாம் மாடி ஞானவேலின் மனைவி யமுனா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஞானவேலுக்குத் தினமும் பயத்தங்கஞ்சி, மூச்சுப்பயிற்சி, தியானம். அவருடைய மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்குக் கீழே இறங்கவே இல்லை. சாப்பாடு வாங்க வரும்போது, அழுத தடமே இல்லாத அவர் முகத்தைப் பார்க்கவே குணவதிக்குப் பயமாக இருந்தது.

அன்று தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூண்டுக் குழம்பை அவருடைய தூக்குவாளியில் ஊற்றினாள். "காரமா இருக்கும் சார். சோத்துல பிசைஞ்சு சாப்பிடுங்க."

ஒரு மணி நேரத்தில் மதிப்பெண் முப்பத்தொன்றுக்கு வந்தது. ஏழாம் மாடியில் ஒருவர் கதறி அழுவது தரைத்தளம்வரை கேட்டது. மேலாளர் வந்து, "நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க" என்றார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஞானவேல் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"யமுனா செத்துப்போயிட்டா, குணவதி" என்றார், அப்போதுதான் சேதி கிடைத்தவர்போல.

குணவதி பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். என்ன ஆச்சு அவங்களுக்கு?"