கை நனைக்கும் முன்

“கேக்காம சோத்துல கை வச்சிராதிய. சொல்லிட்டேன், ஆமா!”

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பந்தியில் இருந்துகொண்டு போனில் குசுகுசுத்தாள் பேகம். இந்தப் பக்கம் ஆண்கள் பந்தியில் அவள் புருஷன் முகைதீனுக்கு வேர்த்துக் கொட்டியது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மும்பை சீத்தா கேம்ப் ஹாலில் அவர்கள் மகள் மெஹக்குக்கு நிச்சயதார்த்தம். துஆ ஓதியாயிற்று. இனி ஒன்றுதான் பாக்கி. சம்பந்திகள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே சஹனில், அதுதான் அந்தப் பெரிய தட்டில், சேர்ந்து கை நனைக்க வேண்டும். நனைத்துவிட்டால் பேச்சு பேச்சுதான். அதற்கப்புறம் பின்வாங்கினால் ஜமாஅத்தில் தலைகாட்ட முடியாது.

காலையில்தான் சேதி வந்தது. மாப்பிள்ளை உஸாமா பத்து வயதில் தன் வாப்பாவோடு ஜப்பானில் இருந்தானாம். சுனாமி வந்து அணு உலை வெடித்ததே, அதற்குப் பக்கத்து ஊரில்! அடுத்த வீட்டுக்காரி வந்து சொன்னதிலிருந்து பேகம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“பொறக்கப்போற புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா? எம் மக காலத்துக்கும் அழணுமா?”

மெடிக்கல் கடைக்காரரிடம் கேட்டு, மாப்பிள்ளைக்கு என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கி, அதை முகைதீனின் சட்டைப்பையில் திணித்துவிட்டாள்.

மெஹக் மட்டும், “சும்மா காலிபீலி டென்ஷன் ஆவாதீங்க வாப்பா. அவரு என்கிட்ட எப்பவோ சொல்லிட்டாரு” என்றாள். யார் காதில் ஏறியது?

சஹன் வந்து இறங்கியது. நெய்ச்சோறு, கறி, கத்திரிக்காய் பச்சடி. ஆவி பறந்தது. சம்பந்திகள் ஆரம்பிக்கட்டும் என்று ஹாலே காத்திருந்தது.

முகைதீன் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

எதிரே மாப்பிள்ளையின் வாப்பா மீராசா. அவரும் கை வைக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘இந்த ஆளே தொட மாட்டேங்காரே! அப்ப ஏதோ இருக்கு.’ என்று நினைத்துக்கொண்டார் முகைதீன்.

“என்ன சம்பந்திமாரே, சோறு ஆறிப் போவுது. நல்ல நேரம் பாக்கியளோ?” என்று பக்கத்து சஹனிலிருந்து ஒருத்தர் கேட்க, நாலு பேர் சிரித்தார்கள்.

முகைதீன் கேட்டேவிட்டார். “நீங்க… ஜப்பான்ல இருந்தியளாமே?”

“ஆமா. பழைய கார் வாங்கி விக்கிற யாவாரம். தரகர்ட்ட மொத நாளே சொல்லி விட்டேனே. சொல்லலியா?”

“சொல்லல.”

மீராசா பெருமூச்சு விட்டார். “வெடிச்சதும் எங்களைக் கொண்டுபோயி ஒரு பள்ளிக்கூடத்துல வச்சாங்க. வாசல்ல ஒரு மெசினை வச்சு, எம் பயலை உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்தாங்க. ஒண்ணுமில்ல, போங்கன்னுட்டாங்க. தாராவிக்கு வந்தோம். இங்க அவன் பெஞ்சுல ஒரு புள்ளை உக்காரல. இதுக்கு முன்ன ரெண்டு சம்பந்தம் வந்து தட்டிப் போச்சு. ஒரு வீட்டுல நாங்க உக்காந்த நாற்காலியை பினாயில் ஊத்திக் கழுவுனாங்க. நாங்க இன்னும் படிகூட எறங்கல.”

“ரிப்போர்ட்டு ஏதும்…”

“வருசா வருசம் எடுத்தது அம்புட்டும் இருக்கு. நாளைக்கே கொண்டாறேன். பதினாலு வருசமாச்சு. இனிமே வராதியன்னு டாக்டரே சொல்லிட்டாரு.”

முகைதீனுக்குப் பாதி உயிர் வந்தது. மீதி வரவில்லை.

“அப்ப நீங்க ஏன் கை வைக்கல?”

மீராசா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு சஹனுக்கு மேலே குனிந்தார்.

“தப்பா எடுத்துக்கிடாதிய. எம் பொஞ்சாதி ஒரு மாசமா ஒரே அழுகை. ‘பொண்ணு பொறந்து வளந்ததே இந்த சீத்தா கேம்ப்புல, அணு நிலையத்து மதிலுக்கு இந்தப் பக்கம். எம் புள்ளை ஒரு உலையில தப்பிச்சு வந்தது போதாதா? பொண்ணுக்கு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க’ன்னு கெடந்து துடிக்கா.”

முகைதீனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“யார் மகளைப் பாத்து என்ன பேச்சு பேசுதிய! முப்பது வருசமா இங்க குடியிருக்கோம். எம் மக காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்ல. அவளப் போயி டெஸ்ட்டா? ஒங்க வீட்டம்மாவுக்கு ஈரமே…”

சட்டைப்பையில் மடித்த சீட்டு நெஞ்சில் குத்தியது.

“இதையேதான் நானும் அவகிட்டச் சொன்னேன்” என்றார் மீராசா. “எம் மகனை ஊரு பாத்த பார்வையை, நாம போயி இன்னொருத்தர் பெத்த புள்ளை மேல பாக்கவா? அந்தப் புள்ளைட்ட ஒரு வார்த்தை நீ கேட்டாலும் சரி, சம்பந்தம் பேச நமக்குத் தகுதியில்லன்னு சஹன்லேருந்து எந்திரிச்சிருவேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். அங்க வாயைத் தொறந்துட்டாளோன்னுதான் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

போன் அதிர்ந்தது. முகைதீன் இடது கையால் எடுத்தார்.

“இங்க மாமியாக்காரி நம்ம மெஹக்குக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா. எனக்கு இங்க உசுரு போவுது. கேட்டியளா இல்லியா?” என்றாள் பேகம்.

முகைதீனின் வலது கை சஹனுக்குள் போனது. நல்ல கறித் துண்டாகப் பார்த்து எடுத்து மீராசாவின் பக்கம் வைத்தது.

“கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“நம்ம மகளுக்கு ஒண்ணும் இல்லியாம். நீ சாப்புடு.”