முக்காலிப் பாடம்

பூனைக்குட்டிக்குப் பாடம் நடத்தியிருக்கிறீர்களா? நான் நடத்துகிறேன். அடுப்பு மேடையில் ஏறும்போதெல்லாம் இறக்கிவிட்டு ஒரு மீன் துண்டு கொடுக்கிறேன். இப்போது அது மீனுக்காகவே ஏறுகிறது. என்னுடன் அறையில் தங்கியிருக்கும் டிரைவர் அண்ணன் சட்டையைக் கழற்றியபடி சிரிக்கிறார். "நீ அதுக்குப் பாடம் எடுக்கறியா, அது உனக்கு எடுக்குதா? இன்னொரு தடவை அடுப்புகிட்ட பார்த்தேன், தெருவுல விட்டுடுவேன், ஆமா." "நீங்க வேலைக்குப் போயிட்டா நான் யார்கூடண்ணே பேசறது?" அவர் சட்டையை ஆணியில் மாட்டுகிறார். சாயங்கால வெயில் அறையில் இருக்கும் ஒரே முக்காலியின் மேல் மஞ்சளாக விழுந்து கிடக்கிறது. மீன் துண்டை அதன்மேல் வைக்கிறேன். குட்டி மேடையைப் பார்க்கிறது, என் கையைப் பார்க்கிறது, பிறகு முக்காலிக்குத் தாவுகிறது. மறுநாள் காலையில் குட்டி முக்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் நின்றுகொண்டே தேநீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்.