ஆறாவது ஒயர்

உலைக்கூடத்தின் சூட்டை ஒயர்கள் வழியாக அளந்து பதியும் கருவியில் புது ஃபைல் சேமிக்க இடமில்லை. பழையது ஒன்றை அழித்தாக வேண்டும்.

“ஆறாம் நம்பர் ஃபைலைத் தூக்கிடறேன்,” என்றாள் புது இன்ஜினியர்.

“அதுல கை வைக்காதீங்கம்மா, மொத்த ஷிஃப்டும் படுத்துடும். மேனேஜரோட ஃபைலை அழிங்க,” என்றார் ஃபோர்மேன்.

“அழிச்சா என் வேலை போயிடும்ண்ணே. அப்படி இதுல என்னதான் இருக்கு?”

ஆறாம் ஃபைலை ஓடவிட்டாள். திரையில் சிவப்புக் கோடு சரசரவென ஏறி நூறைத் தொட்டது. அலாரம் அலறியது. ஆட்கள் தலைதெறிக்க ஓடி வந்தார்கள்.

“வெடிச்சிடுமாண்ணே?”

ஃபோர்மேன் நிதானமாகப் போய், கருவியின் ஆறாவது ஒயர் முங்கியிருந்த கெட்டிலை இறக்கினார்.

“டீ கொதிச்சிடுச்சும்மா. சர்க்கரை எவ்வளவு?”

ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மேனேஜரின் ஃபைலை அழித்தாள்.