ஏழாவது படி

ஆறு படிகள் வரை சரியாக இறங்கிய கால், ஏழாவது படியில் மட்டும் பொய் சொன்னது. ஒலிப்பதிவு செய்யும் பெண் காலையிலிருந்து நாற்பது தடவை கேட்டுவிட்டாள். எங்கே இடிக்கிறது என்று பிடிபடவில்லை.

மூன்று வருடம் கிடப்பில் கிடந்த படம். ஹீரோ கல் படிக்கட்டில் தடதடவென இறங்க, கேமரா அவர் முதுகுக்குப் பின்னால் வருகிறது. பாதங்களைக் கைப்பிடிச் சுவர் பாதி மறைக்கிறது. ஏழாவது படியோடு காட்சி முடிந்து, அடுத்ததில் அவர் தெருவில் ஓடுகிறார். படப்பிடிப்பில் பதிவான ஒலியில் ஒரே கூச்சல். அதனால் காலடி ஓசையைத் தனியாக உண்டாக்கி ஒட்ட வேண்டியிருந்தது.

உண்டாக்குகிறவர் சக்கர நாற்காலியில் இருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஏதோ விபத்து என்றார்கள், அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கைகளிலும் ஷூவை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் கற்பலகையில் அடிப்பார்.

அவர் இங்கே வேலைக்கு வந்து ஒரு மாதம்தான். பழைய கேசட் நாடாவைக் கசக்கினால் காய்ந்த புல்லில் நடப்பது போலிருக்கும், தோல் கையுறைகளை உதறினால் புறா பறப்பது போலிருக்கும் என்பதையெல்லாம் தானாகவே கண்டுபிடித்திருந்தார். முகத்தில் மட்டும் ஒன்றும் இருக்காது. தபாலில் முத்திரை குத்துகிறவர் போல வேலை செய்வார்.

கதவு திறந்து ஸ்டூடியோ முதலாளி தலையை நீட்டினார்.

"என்னம்மா, செருப்புக் கடை இன்னும் மூடலையா?"

"ஒரே ஒரு அடி சார். அது மட்டும் உட்கார மாட்டேங்குது."

"நாலு மணிக்கு டைரக்டர் வந்துடுவார். அதுக்குள்ள வரலைன்னா கம்ப்யூட்டர்ல கிடக்கிற சத்தத்தை எடுத்து ஒட்டிடு. நடக்காத ஆளை நடக்கச் சொன்னா இப்படித்தான். நாளையிலிருந்து அவர் வர வேண்டாம்."

காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். நாற்காலிக்காரர் ஷூவின் அடியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவளுக்குத்தான் சுருக்கென்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒரு அடின்னா ரெண்டு சத்தம். முதல்ல குதிகால், உடனே பாதம். உடம்போட பாரம் ரெண்டாவதுலதான் இறங்கும். நீங்க ரெண்டையும் ஒழுங்காத்தான் அடிக்கிறீங்க. ஆனா படத்தோட ஒட்டலையே!"

"மெதுவா அடிச்சுப் பார்க்கவாம்மா?"

"பார்த்தாச்சு. பலமாவும் பார்த்தாச்சு."

அவர் கற்பலகையை மறுபக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு நாற்காலியைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"போடும்மா."

"பார்க்காம எப்படிண்ணா அடிப்பீங்க?"

"போடு."

படம் ஓடியது. ஆறு அடிகளும் ஒரு நூல் பிசகாமல் விழுந்தன. ஏழாவதற்கு, குதிகாலின் விளிம்பை மட்டும் கல்லில் உரசிவிட்டுக் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார். பாதத்தின் ஓசை வரவேயில்லை.

அவள் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். திரையில் இறங்கிய உடம்பும் காதில் விழுந்த காலும் ஒன்றாகியிருந்தன.

திரும்பி வந்து அறைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "நாளைக்கு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடச் சொல்லும்மா அவரை."

"எப்படிண்ணா பிடிச்சீங்க? இவ்வளவு நேரம் ஏன் இப்படி அடிக்கலை?"

"ஹீரோ முழுசா இறங்கட்டுமேன்னு பார்த்தேன்."

அவர் கைகளிலிருந்து ஷூக்களைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு ஷூட்டிங்ல ஹீரோவுக்கு டூப்பா இந்தப் படியில ஓடினது நான்தாம்மா. ஏழாவதுல குதிகால் மட்டும்தான் பட்டுச்சு. அப்புறம் எனக்குக் காலே தெரியலை."