பாதரச ஒழிப்பு இயக்கத்தின் முதல் வெற்றி

மனிதகுலம் சற்றே எழுந்து நின்று கவனிக்க வேண்டுகிறோம். பாதரசத்தின் கோரப்பிடியிலிருந்து நம் சந்ததியை மீட்கும் மாபெரும் போர் சனிக்கிழமை மாலை தொடங்கிவிட்டது. முதல் களப்பலியாக ஒரு பல் டாக்டரின் முன்பல் விழுந்தது.

அது உருண்டு, நோயாளி நாற்காலியின் அடியில் போய் நின்றது. டாக்டர் குனிந்து வேர் உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்த்தார். தொழில் பழக்கம்.

"இவ பல்லுல இருக்கற அடைப்பை எடுப்பியா, மாட்டியா?" என்றார் தலைவர்.

தலைவர் என்றால் பாதரச ஒழிப்பு இயக்கத்தின் தலைவர்; மற்ற நாட்களில் தண்ணீர் மோட்டார் விற்பவர். கையிலிருந்த பைப் ரெஞ்ச் கடையிலிருந்து வந்தது, கொள்கை செல்போனிலிருந்து வந்தது. இயக்கத்தில் மொத்தம் மூன்று பேர். செயலாளரான மச்சான் கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றார். மூன்றாவது உறுப்பினரான மனைவி ஐந்து மாத வயிற்றோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவளைக் கேட்டுச் சேர்க்கவில்லை.

"சார், இவங்க பல்லுல இருக்கறது பழைய வெள்ளி அடைப்பு. அதுல பாதரசம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அதனாலதான் ஆட்டிசம் வருதுன்னு யாரும் நிரூபிக்கல."

ரெஞ்ச் அவர் தோளில் இறங்கியது. "என் மூத்த பொண்ணு ஏழு வயசாகியும் என்னை அப்பான்னு கூப்பிடல. இன்னும் என்னடா நிரூபிக்கணும் உனக்கு?"

"அவளுக்கு என்னங்க? அவ பாட்டுக்கு சந்தோஷமாத்தானே இருக்கா" என்றாள் மனைவி. "உங்க வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடறா இல்ல?"

"நீ வாயை மூடு." ஒரு நொடி யோசித்தார். "இல்ல, திற."

டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். "இப்ப அதுல கை வைக்கவே கூடாது சார். ஏன்னா..."

தலைவருக்கு 'ஏன்னா' என்ற சொல்லைக் கேட்டாலே ஆகாது. காதோடு சேர்த்து ஒன்று விட்டார். வெள்ளைக் கோட்டின் காலர் சிவப்பாகிவிட்டது.

"ரெண்டாவதுக்கும் இந்த விஷத்தைக் குடுக்கச் சொல்றியா? வயித்துல இருக்கறது உன் பிள்ளையா, என் பிள்ளையா?"

"மாமா, அந்தக் கேள்வி மட்டும் வேணாமே" என்றார் செயலாளர், குடும்ப மானம் கருதி.

அதற்குமேல் டாக்டர் வாதாடவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறக்கக் கை நீட்டினார்.

"கத்தி ஊரைக் கூட்டப் பாக்கறியா?" தலைவர் சாத்திய வேகத்தில் டாக்டரின் இடது கை விரல்கள் ஜன்னலில் சிக்கி நசுங்கின. எலும்பு முறியும் சத்தம் செயலாளர் வரைக்கும் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் அழுதுகொண்டே, மிச்சமிருந்த கையால் வாயிலிருந்து நீரை உறிஞ்சும் குழாயை எடுத்தார். தலைவர் அதை இயந்திரத்திலிருந்து பிடுங்கி, அதாலேயே அவர் முதுகில் நாலு சாத்து சாத்தினார்.

"அது வேணும் சார்!"

"இன்னும் வேணுமா? இந்தா."

துளைக்கருவி அலறியது. பழைய அடைப்புகள் ஒவ்வொன்றாகப் பொடிந்து சாம்பல் தூளாய்ப் பறந்தன. மேற்பார்வைக்காகத் தலைவர், மனைவியின் வாய்க்கு மேலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள்.

கடைசி அடைப்பும் போனதும் தலைவர் ரெஞ்சைத் தரையில் வைத்தார். மச்சானைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். இத்தனை நேரம் அடித்த மனிதர் இவர்தானா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

"இனிமே என் பிள்ளைக்குள்ள ஒரு துளி பாதரசம் போகாதுடா!"

"சரித்திரம் மாமா" என்று செயலாளர் ஒரு போட்டோ எடுத்தார். டாக்டரின் ரத்தம் தெரியாத கோணமாகப் பார்த்து எடுத்தார்.

மனைவி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். நாற்காலியிலிருந்து இறங்கி, ரெஞ்சின் மேல் காலை ஊன்றிக்கொண்டாள்.

"டாக்டர், ஆரம்பத்துல என்னமோ சொல்ல வந்தீங்களே. இப்ப சொல்லுங்க. இவர் அடிக்க மாட்டார்."

டாக்டர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முன்பல் இல்லாததால் காற்றும் கூடவே வந்தது.

"அடைப்பு பல்லுக்குள்ள கெட்டியா இருக்கற வரைக்கும் பெரிசா ஒண்ணும் வெளிய வராதும்மா. துளை போடறப்பதான் சூடேறி, ஆவியாக் கிளம்பி, மூச்சுல போகும். அதான் மாசமா இருக்கறவங்களுக்கு நாங்க அதைத் தொடறதே இல்ல."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. தலைவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"அப்ப, இத்தனை வருஷமா உள்ள போனது?"

"அது சொற்பம் சார். இன்னிக்குத்தான் நிறையப் போச்சு."