இரண்டு புதுக் கசெட்டுகள்

கலவரம் ஓய்ந்து ஊரடங்கு தளர்ந்த மத்தியானம், கண்டியில் புதிதாக வாங்கிய இரண்டு கசெட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யன்னல் வழியே, எரிந்த தமிழ்க் கடையின் கரிவாடை இன்னும் வருகிறது. பங்க் ரொக் இசைக் கசெட்டில் லண்டன்காரன் ஒருவன் நாட்டைக் கொளுத்தச் சொல்லிக் கத்துகிறான். ஒரு வீடு எரிவதைக்கூடப் பார்த்திராதவனின் குரல், எனக்குப் பிடிக்கவில்லை. மற்றது தமிழ் நாட்டார் பாடல். வாத்தியமே இல்லாமல் ஒருத்தி தாலாட்டுகிறாள். இதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். வாசல் படலையடியில் சப்பாத்துச் சத்தம் கேட்கிறது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி திரேசா ஓடி வருகிறாள். "தமிழ்ப் பாட்டை நிப்பாட்டுங்கோ. அந்த இங்கிலீசைச் சத்தமாய்ப் போடுங்கோ." போடுகிறேன். கொளுத்து, கொளுத்து என்று அவன் அலறுகிறான். படலையில் நிற்கும் ஆமிக்காரன் தலையை ஆட்டியபடி சப்பாத்துக் காலால் தாளம் போடுகிறான்.